உங்களுக்குத் தெரியுமா? – டெட்ராய்ட் மோட்டாரும் ஆரூர்ச் சேறும்

ஹென்றி ஃபோர்டு திருவாரூர் பக்கம் எட்டிப் பார்த்தவரல்ல. ஆனால் அவர் காலத்து அமெரிக்க மோட்டார் தொழில் பெற்றுப் போட்டவை ஒவ்வொன்றாக நம்மூருக்கு வந்து சேர்ந்திருக்கின்றன: பஸ், பிரேக், அறுப்பு மெஷின். குறுவைச் சாகுபடியில்கூட அந்தப் பணத்தின் வாடை உண்டு. கார்தான் எல்லாவற்றுக்கும் பின்னால் வந்தது. அமெரிக்காவில் வீட்டுக்கு வீடு கார் நின்ற காலத்தில், நமக்கு ஊருக்கு ஒரு பஸ் வந்தாலே பெரிய காரியம்.

தஞ்சாவூர் பஸ் இரண்டு வயது மூத்தது

அமெரிக்காவில் பஸ் என்றதும் கிரேஹவுண்ட் கம்பெனியைத்தான் சொல்வார்கள். அது முளைத்தது 1914-ல். மினசோட்டா மாநிலத்தில் ஹிப்பிங் என்ற இரும்புச் சுரங்க ஊரில், ஸ்வீடனிலிருந்து குடியேறிய கார்ல் விக்மன் என்பவர், விற்காமல் கிடந்த ஏழு பேர் கார் ஒன்றில் சுரங்கத் தொழிலாளிகளை ஏற்றி, ஆளுக்கு 15 சென்ட் வாங்கினார்.

டி.வி. சுந்தரம் ஐயங்கார் தஞ்சாவூருக்கும் புதுக்கோட்டைக்கும் இடையே பஸ் விட்டது 1912-ல்! திருக்குறுங்குடியில் பிறந்தவர், ரயில்வே உத்தியோகமும் மர வியாபாரமும் பார்த்துவிட்டு மோட்டாருக்கு வந்தார். புதுக்கோட்டையை ஏன் பிடித்தார் என்பதுதான் கெட்டிக்காரத்தனம். தனி சமஸ்தானத்தின் தலைநகரம் அது. அங்கே அப்போது ரயில் கிடையாது. தஞ்சாவூரில் 1860-களிலேயே ரயில் ஓடிக்கொண்டிருந்தது. ரயிலில் வந்து இறங்குகிற ஆளுக்கு மேலே போக மாட்டு வண்டிதான் கதி. அந்த இடைவெளிக்குள் பஸ்ஸை விட்டார். டி.வி.எஸ். என்ற மூன்றெழுத்து இன்று எங்கெங்கோ போய்விட்டது. முதல் சக்கரம் உருண்டது நெல் விளையும் சீமையிலிருந்து வறண்ட சீமைக்கு.

அக்காலத்து ரோட்டில் பஸ்ஸுக்குப் பெரிய எதிரி மாட்டு லாடத்திலிருந்து கழன்று விழும் ஆணி. காலையில் முதல் பஸ் கிளம்புவதற்கு முன்னால் காந்தம் கட்டிய வண்டி ஒன்றை ஓட்டி ஆணிகளைப் பொறுக்க வைத்தார் ஐயங்கார் என்று சொல்வதுண்டு.

93 நிமிடம்

மாடல் டி கார் வெளிவந்தது 1908-ல். 1913-ல் ஹைலண்ட் பார்க் தொழிற்சாலையில் ஆள் நின்ற இடத்தில் நிற்க, வண்டி நகர்ந்து வரும் ஏற்பாட்டைச் செய்தார்கள். ஒரு சேஸிஸைப் பூட்ட 12 மணி நேரத்துக்கு மேல் ஆனது போய், 93 நிமிடத்துக்கு வந்தது. ஆரம்பத்தில் 850 டாலர் விற்ற கார் 1920-களின் நடுவில் 260 டாலருக்குக் கிடைத்தது. 1927-ல் நிறுத்தும்போது கணக்கு ஒன்றரைக் கோடி வண்டிகள்.

இந்தியாவுக்கு வந்த ஃபோர்டுகள் பெரும்பாலும் அமெரிக்க ஃபோர்டின் பிள்ளைகள் அல்ல, கனடா ஃபோர்டின் பிள்ளைகள். டெட்ராய்ட்டுக்கு ஆற்றின் அக்கரையில் 1904-ல் தொடங்கிய கம்பெனி அது. கனடா பிரிட்டிஷ் சாம்ராஜ்யத்துக்குள் இருந்ததால் சுங்க வரியில் சலுகை. ஜெனரல் மோட்டார்ஸ் 1928-ல் பம்பாயில் வண்டி பூட்டத் தொடங்கியது. பஸ் முதலாளிகளுக்கு வேண்டியதெல்லாம் எஞ்சினும் சேஸிஸும்தான். மேல்கூட்டை உள்ளூர்த் தச்சர்களே மரத்தில் அடித்துக் கொடுத்தார்கள்.

சென்னை முந்திக்கொண்ட கதை, சுருக்கமாக

1903-ல் மவுண்ட் ரோடு சிம்ப்ஸன் கம்பெனியில் சாமுவேல் ஜான் கிரீன் நீராவியில் ஓடும் கார் ஒன்றைச் செய்து காட்டினார். இந்தியாவிலேயே செய்த முதல் நீராவிக் கார் என்று அதற்குப் பெயர். சென்னையின் எம்.சி. 1 எண் துறைமுகத்தைக் கட்டிய சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் காருக்கு. எம்.சி. 3, கட்டட மேஸ்திரிகளில் ராஜாவான நம்பெருமாள் செட்டியாருக்கு. கும்பகோணத்தில் வளர்ந்த கணிதமேதை ராமானுஜன் 1920-ல் கடைசி மூச்சை விட்டது அதே செட்டியாரின் சேத்துப்பட்டு வீட்டில்தான்.

ரயிலுக்கு வரி கொடுத்தது நாம்; லாபம் பார்த்தது பஸ்

மாயவரத்திலிருந்து திருவாரூர் வழியாக முத்துப்பேட்டைக்கு 1894-ல் திறந்த ரயில் பாதை அரசாங்கக் காசில் போட்டதல்ல. தஞ்சாவூர் ஜில்லா போர்டு, மிராசுதார்களின் நிலவரியோடு ரயில் வரி என்று தனியாக வசூலித்துச் சேர்த்த பணத்தில் போட்டது. இந்தியாவில் ஒரு ஜில்லா போர்டு தன் செலவில் ரயில் விட்ட முதல் இடம் இது.

பஸ் வந்ததும் கூட்டம் அந்தப் பக்கம் சாய்ந்தது. ரயில் ஸ்டேஷனுக்கு நாம் போக வேண்டும். பஸ்ஸோ கையைக் காட்டினால் மதகடியில்கூட நிற்கும். நாடு முழுக்க இதே கதையாகிப் போய், ரயில்வே ஒப்பாரி வைக்க, மிச்சல், கிர்க்னஸ் என்ற இரண்டு அதிகாரிகள் 1933-ல் ரோடு–ரயில் போட்டியைப் பற்றி அறிக்கை கொடுத்தார்கள். அதன் வழியில் வந்ததுதான் 1939-ம் வருட மோட்டார் வாகனச் சட்டம். எந்த பஸ் எந்த ரூட்டில் எத்தனை நடை போகலாம் என்று பர்மிட் போட்டுக் கட்டியது அது. பர்மிட் என்பது பத்திரப் பதிவு செய்யாத சொத்தாயிற்று. கும்பகோணத்து ராமன் அண்ட் ராமன் கம்பெனி பர்மிட் வழக்கில் உச்ச நீதிமன்றம் வரை போனது. 1959-ல் வந்த அந்தத் தீர்ப்பை வக்கீல்கள் இன்றும் புரட்டுகிறார்கள்.

இன்னொரு சங்கதி. மெட்ராஸ் மாகாணத்தில் 1931-ல் மோட்டார் வண்டி வரிச் சட்டம் வந்தபோது, ரோட்டில் இருந்த சுங்கச் சாவடிகளை எடுத்துவிட்டார்கள். வரி கட்டியாயிற்று, சுங்கம் எதற்கு என்பது அன்றைய நியாயம். இன்று இரண்டையும் கட்டுகிறோம்.

பஸ்ஸில் யார் உட்காரலாம்?

இது சிரித்துவிட்டுப் போகிற துணுக்கு அல்ல. தனியார் பஸ்கள் ஓடத் தொடங்கிய காலத்தில் பல இடங்களில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மறுத்தார்கள். காசு கொடுத்தாலும் இடமில்லை. பட்டிவீரன்பட்டி டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், 1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டுக்குத் தலைமை தாங்கியவர், ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்தபோது ஓர் உத்தரவு போட்டார்: யாரையாவது சாதி சொல்லி ஏற்ற மறுத்தால் அந்த பஸ்ஸின் லைசென்ஸ் ரத்து. பிரசங்கம் செய்து பலிக்காததை ஒரு லைசென்ஸ் தாள் செய்தது. முதலாளிக்கு ஆசாரத்தைவிட ரூட்டு பெரிது என்பதைச் சரியாகக் கணித்த மனிதர்.

அமெரிக்காவில் இதே காலத்தில் கறுப்பர்களுக்குக் கார் ஒரு தப்பிக்கும் வழியாக இருந்தது. ரயிலிலும் பஸ்ஸிலும் தனிப் பெட்டி, பின் சீட்டு. சொந்தக் கார் வாங்கினால் அந்த அவமானம் இல்லை. ஆனால் வழியில் எங்கே சாப்பிடுவது, எங்கே தூங்குவது? நியூயார்க் ஹார்லெமில் குடியிருந்த தபால்காரர் விக்டர் கிரீன் 1936-ல் அதற்கென்றே ஒரு கையேடு போட்டார். கறுப்பர்களுக்கு இடம் தரும் ஓட்டல், பெட்ரோல் பங்க், முடிவெட்டும் கடை எல்லாம் ஊர்வாரியாக அதில் இருக்கும். முப்பது வருடம் அது அச்சானது. மாண்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் சீட்டைவிட்டு எழுந்திருக்க மறுத்தது 1955 டிசம்பரில். அதையொட்டி அந்த ஊர்க் கறுப்பர்கள் 381 நாள் பஸ் ஏறவில்லை.

கரியில் ஓடிய பஸ்

இரண்டாம் உலகப் போரில் பெட்ரோலுக்குப் பஞ்சம். அமெரிக்காவில் 1942 பிப்ரவரியோடு சொந்த உபயோகத்துக்குக் கார் செய்வதையே நிறுத்தி, தொழிற்சாலைகளை டாங்கிக்கும் விமானத்துக்கும் திருப்பினார்கள். ரப்பரை மிச்சம் பிடிக்க மணிக்கு 35 மைலுக்கு மேல் ஓட்டாதே என்று கட்டளை.

இங்கே பஸ்ஸின் பின்னால் ஒரு இரும்பு அடுப்பு ஏறிக்கொண்டது. டி.வி.எஸ். கம்பெனியே சொந்தமாக ஒரு கேஸ் பிளாண்ட் செய்து விற்றது. உயரமான உருளைத் தொட்டியில் மரக்கரியைக் கொட்டிப் பற்றவைத்து, காற்றைக் கொஞ்சமாக விட்டால் கரி முழுக்க எரியாமல் கார்பன் மோனாக்சைடு வாயு வரும். அதை வடிகட்டிக் குழாய் வழியாக எஞ்சினுக்குக் கொடுத்தால் பெட்ரோல் இல்லாமலே ஓடும். கிளம்புவதற்கு வெகு நேரம் முன்பே கிளீனர் வந்து ஊதுகாற்றாடியின் கைப்பிடியைச் சுற்றோ சுற்றென்று சுற்ற வேண்டும். கை, முகம், வேட்டி எல்லாம் கரி. வாயு பிடித்துவிட்டதா என்று குழாய் வாயில் தீயைக் காட்டிப் பார்த்த பிறகுதான் டிரைவர் ஏறுவார். சக்தி குறைவு, மலைப்பக்கம் பிரயாணிகள் இறங்கித் தள்ளினார்கள். நம்முடையது சமவெளி, ஆற்றுப் பாலத்து ஏற்றம் மட்டும்தான் சோதனை. ஆனால் டெல்டாவில் பாலத்துக்கா பஞ்சம்? வெட்டாறு, ஓடம்போக்கி, பாண்டவையாறு என்று வரிசையாக வருமே!

அங்கே டிராம் போனது. இங்கே முதலாளி போனார்

ஜெனரல் மோட்டார்ஸும் டயர், எண்ணெய்க் கம்பெனிகளும் சேர்ந்து நேஷனல் சிட்டி லைன்ஸ் என்ற நிறுவனத்துக்குப் பணம் கொடுத்தன. அது பல அமெரிக்க நகரங்களின் டிராம் கம்பெனிகளை வாங்கிப் போட்டு பஸ்ஸை விட்டது. பஸ்ஸும் உதிரிச் சாமான்களும் தங்களிடமே வாங்க வேண்டும் என்று சதி செய்ததாக 1949-ல் நீதிமன்றம் அவற்றைக் குற்றவாளிகளாகத் தீர்த்தது. ஜெனரல் மோட்டார்ஸுக்கு அபராதம் 5,000 டாலர். அதன் அதிகாரி ஒருவருக்கு ஒரே ஒரு டாலர்! டிராம் செத்ததற்கு அந்தச் சதி ஒன்றே காரணமல்ல. கார் பெருகியதில் டிராமுக்கு ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டுதான் இருந்தது.

இங்கே கதை எதிர்த்திசையில் போனது. பக்கத்துத் திருக்குவளையில் பிறந்து திருவாரூரில் படித்தவர் முதலமைச்சராக இருந்த 1972-ல் பஸ் கம்பெனிகள் வரிசையாக அரசுடைமை ஆயின. அரசு பஸ் கழகங்களுக்கு வைத்த பெயர்கள்: சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கோவைக்குச் சேரன், கும்பகோணத்தில் மார்ச் 1-ம் தேதி சோழன். மூவேந்தருக்கும் பஸ்ஸில் மறுபடி ராஜ்யம் கிடைத்தது. பழைய பெயர்கள் 1990-களின் கடைசியில் போய்விட்டாலும், ‘சோழன் பஸ்’ என்று சொல்கிற பெரியவர்கள் இன்னும் உண்டு. 2021 மே முதல் சாதாரண டவுன் பஸ்களில் பெண்களுக்கு டிக்கெட் கிடையாது. நடவுக்கும் களைக்கும் அடுத்த ஊர் போகிற பெண்களுக்கு அது கூலியில் ஏறிய காசு.

குறுவையில் ஃபோர்டு பணம்

இந்தப் பத்தியிலேயே பெரிய துணுக்கு இதுதான். ஹென்றி ஃபோர்டின் மகன் எட்செல் 1936-ல் 25,000 டாலர் போட்டு ஃபோர்டு அறக்கட்டளையைத் தொடங்கினார். தருமம் ஒரு பக்கம், வாரிசு வரி இன்னொரு பக்கம். 1943-ல் மகனும் 1947-ல் தந்தையும் இறந்த பிறகு கம்பெனியின் பெரும்பாலான பங்குகள் அறக்கட்டளைக்குப் போயின. ஓட்டுரிமை உள்ள பங்குகளை மட்டும் குடும்பம் கையில் வைத்துக்கொண்டது. மாடல் டி விற்ற பணம் உலகின் பெரிய தரும நிதிகளில் ஒன்றாயிற்று. அது வெளிநாட்டில் திறந்த முதல் அலுவலகம், 1952-ல், டெல்லியில்.

1959-ல் அதன் ஏற்பாட்டில் வந்த நிபுணர் குழு, இந்தியாவின் உணவு நெருக்கடியைப் பற்றி அறிக்கை கொடுத்தது. எல்லா ஊருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெளிக்காமல், தண்ணீர் நிச்சயமாக உள்ள சில ஜில்லாக்களில் விதை, உரம், மருந்து, கடன் எல்லாவற்றையும் ஒன்றாக இறக்குங்கள் என்றது. அப்படி 1960-ல் முதலில் எடுத்துக்கொண்ட ஏழு ஜில்லாக்களில் ஒன்று தஞ்சாவூர். அப்போது திருவாரூரும் நாகப்பட்டினமும் அதற்குள்தான். ‘பேக்கேஜ் புரோகிராம்’ என்று கிராம சேவகர்கள் வாயில் புழங்கிய திட்டம் அது. 1960-களின் நடுவில் ஆடுதுறை ஆராய்ச்சி நிலையம் ஏ.டி.டி. 27 என்ற குறுவை ரகத்தை விட்டபோது, அதை வயலுக்கு வயல் கொண்டுபோகப் பாதை தயாராக இருந்தது. ஜப்பானிய நோரின் 10-ஐயும் கோயம்புத்தூர் ஜி.இ.பி. 24-ஐயும் ஒட்டிப் பிறந்த நெல். 105 நாளில் அறுப்பு.

விளைச்சல் ஏறியது. யாருக்கு ஏறியது என்பதுதான் தகராறு. 1914 ஜனவரியில் ஃபோர்டு தன் தொழிலாளிகளுக்கு ஒரு நாளைக்கு ஐந்து டாலர் என்று அறிவித்தார். பழைய கூலியின் இரட்டிப்பு. வேலை தாங்காமல் ஆட்கள் ஓடிக்கொண்டே இருந்ததால் வந்த தாராளம் அது. அதிலும் நிபந்தனை உண்டு: கம்பெனி ஆட்கள் வீடு தேடி வந்து, குடிக்கிறாயா, சேமிக்கிறாயா, வீடு சுத்தமா என்று பார்த்துச் சரி என்றால்தான் முழுத் தொகை. இங்கே, குறுவை விளைச்சல் ஏறிய காலத்தில், கீழ்த்தஞ்சையில் விவசாயத் தொழிலாளிகள் கூலியில் கூடுதலாக அரைப்படி நெல் கேட்டார்கள். நிலக்காரர்கள் நெல் உற்பத்தியாளர் சங்கம் வைத்து எதிர்த்தார்கள். 1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். மறு வருடம் விவசாயத் தொழிலாளர் நியாயக் கூலிச் சட்டம் வந்தது. பசுமைப் புரட்சியின் லாபம் மேலே தங்கிவிட்டதே கொதிப்புக்கு ஒரு காரணம் என்று, தஞ்சாவூர் உட்பட ஐந்து ஜில்லாக்களைச் சுற்றிப் பார்த்த அமெரிக்க ஆய்வாளர் பிரான்சின் பிராங்கல் 1971-ல் எழுதினார்.

ஒரு டெல்டாவின் சேற்றுக்கு இன்னொரு டெல்டாவின் மருந்து

தை மாதம் சம்பா அறுப்பில் பாருங்கள். மார்கழி மழை விட்டுப்போன ஈரம் வயலில் இருக்கும். டயர் மெஷின் இறங்கினால் அச்சுவரை புதைந்து, அதை இழுக்க இன்னொரு வண்டி வர வேண்டும். அதனால் பெல்ட் மெஷினைத்தான் தேடுவோம். மணி வாடகை கூடுதல் என்று முணுமுணுத்துக்கொண்டே புரோக்கருக்கு போன் போடுவோம். சக்கரத்தின் பாரம் ஒரு புள்ளியில் இறங்கும். பெல்ட் அதே பாரத்தை நீளமாகப் பரப்பிவிடும். சூட்சுமம் அவ்வளவே.

இந்த சூட்சுமத்தை வியாபாரமாக்கியவர் பெஞ்சமின் ஹோல்ட். ஊர் கலிபோர்னியாவின் ஸ்டாக்டன். அதுவும் ஒரு டெல்டா! சான் வாக்கின் ஆற்றுச் சமவெளியின் கொழகொழத்த மண்ணில் அவருடைய நீராவி டிராக்டர்கள் புதைந்தன. சக்கரத்தை அகலமாக்கிக்கொண்டே போனார்; ஒரு வண்டியின் மொத்த அகலம் 46 அடிக்கு வந்துவிட்டது. நம் வரப்புக்கு அந்த வண்டி வந்திருந்தால் வரப்பு இருந்திருக்காது. 1904 நவம்பர் 24 அன்று சக்கரத்தைக் கழற்றிவிட்டு, பலகை கோத்த சங்கிலியை மாட்டி ஓட்டிப் பார்த்தார். புதையவில்லை. கம்பளிப்புழு போல ஊர்கிறதே என்று படம் பிடிக்க வந்தவர் சொன்னதுதான் ‘கேட்டர்பில்லர்’ என்ற பெயராக நிலைத்தது. முதல் உலகப் போரில் பீரங்கி இழுத்தது ஹோல்ட் டிராக்டர். ஆங்கிலேயர்களின் டாங்கிக்கு யோசனை கொடுத்ததில் அதற்கும் பங்குண்டு.

ஆழித்தேருக்கு பிரேக்

திருவாரூர் ஆழித்தேர் அலங்காரத்தோடு 96 அடி உயரம், 300 டன் அளவுக்கு எடை. இதை இழுப்பது கஷ்டம் என்பார்கள், நிறுத்துவதுதான் கஷ்டம். பழைய முறையில் சக்கரத்துக்கு முன்னால் மரக் கட்டைகளைப் போட்டுத்தான் வேகம் குறைப்பார்கள், திருப்புவார்கள். ஓடுகிற சக்கரத்தின் வாய்க்குள் கட்டையைக் கொடுத்துவிட்டுக் கையை எடுப்பது பழகியவர்கள் மட்டுமே செய்யக்கூடிய வேலை. கட்டை போடுகிறவர்கள் இன்றும் உண்டு. ஆனால் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் திருச்சி பெல் நிறுவனம் செய்து கொடுத்தவை. பல வருடம் நிலையிலேயே நின்றிருந்த தேர் 1970-ல் மறுபடி ஓடியதை நேரில் பார்த்தவர்களிடம் கேட்டால், பிரேக் வந்த பிறகு மேலவீதித் திருப்பத்தில் அந்தப் பழைய நடுக்கம் இல்லை என்பார்கள்.

காலால் மிதித்தால் எண்ணெய் அழுத்தத்தில் நான்கு சக்கரமும் ஒரே நேரத்தில் பிடிக்கும் பிரேக்கை உருவாக்கியவர் கலிபோர்னியாக்காரர் மால்கம் லாக்ஹீட். 1921-ல் டூசன்பர்க் என்ற பணக்காரக் காரிலும், 1924-ல் நடுத்தரக் குடும்பத்துக் கிரைஸ்லரிலும் அது வந்தது. அவருடைய தம்பி ஆலன் விமானம் பக்கம் போய் லாக்ஹீட் கம்பெனியைத் தொடங்கினார். அண்ணனின் யோசனை தியாகராஜர் தேரில். பின்னால் முட்டுக்கொடுத்துத் தள்ளுகிற புல்டோசர்கள் ஹோல்ட்டின் சங்கிலியில் ஊர்கின்றன. வடம் மட்டும் நம் கையில்.

பெட்ரோல் நம் காலடியில்

கமலாபுரம், அடியக்கமங்கலம், கோவில்களப்பால். டவுன் பஸ் பலகையில் பார்க்கிற இந்தப் பெயர்கள் ஓ.என்.ஜி.சி.யின் எண்ணெய் வயல்களின் பெயர்களும்கூட. காவிரிப் படுகையின் கச்சா எண்ணெய்க்காகவே நாகப்பட்டினம் அருகே பனங்குடியில் 1993-ல் ஒரு சுத்திகரிப்பு ஆலை வந்தது. வருடத்துக்கு ஐந்து லட்சம் டன் என்று தொடங்கி, பிறகு பத்து லட்சமானது.

மீத்தேன், ஹைட்ரோகார்பன் என்று அடுத்தடுத்து கிணறு தோண்ட வந்தபோது டெல்டா திரண்டு மறித்தது. 2020-ல் தமிழ்நாடு பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் மாவட்டங்களிலும் கடலூர், புதுக்கோட்டையின் சில ஒன்றியங்களிலும் புதிதாக எண்ணெய், எரிவாயு தேடுவதைத் தடை செய்தது. ஏற்கெனவே இறைத்துக்கொண்டிருக்கும் கிணறுகளை அந்தச் சட்டம் தொடவில்லை. அவை இறைத்துக்கொண்டுதான் இருக்கின்றன.